பாய் ௭

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருசத்துப் பாகமுறி.
நாலாம் பக்கம்,
பித்தளைக் குத்துவிளக்குக்கும்
ரங்கூன் எனாமல் தூக்குக்கும் நடுவே
ஒரு வரி:
பாய் ௭.

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
குடை நட்டுப் பதினோரு வருசமாய்ப்
பத்திரம் எழுதுகிறேன்.
நான்கு மாலுக்கு உட்பட்ட,
மாவடை மரவடை, கிணற்றில் எட்டிலொரு பங்கு.
எந்தச் சொல்லிலும் பேனா நின்றதில்லை.
இதில் நின்றது.

"கோரைப்பாய்தான், வேறென்ன?" என்றார் ஏகப்பன்.
"ஏழு வீட்டுப் பங்காளி, ஆளுக்கொன்று.
மக்கிப் போயிருக்கும். அடித்துவிட்டு எழுதும்மா."

சாலம்மை ஆச்சி விடவில்லை.
காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்
கணக்கு எடுக்கிறவர்.
"விளக்குக்கு எடை போட்ட மனுசர்,
கரண்டியில் கீறலைக்கூடக் குறித்த மனுசர்,
கோரையா பிரம்பா என்று எழுதாமல் விடுவாரா?
கப்பல் பாய் அது.
பாய் ஏழு இருந்தால் மரம் மூன்று.
மரம் மூன்று இருந்தால் கப்பல் ஒன்று.
கப்பல் எங்கே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு
உப்புக்காற்றே எட்டாத தெருவில்
ஒரு கப்பல் வந்து நின்றுகொண்டது.
முகப்பில் நுழையாது. இரண்டாம் கட்டில் திரும்பாது.
இளைய வீட்டுப் பையன்
பழம்பொருள் கடை கடையாய் ஏறி
அதன் சுக்கானை விசாரித்தான்.
ஒரு கடைக்காரர், இருக்கிறது என்றே சொல்லி
மாட்டுவண்டிச் சக்கரத்தைக் காட்டினார்.

மூன்றாம் வீட்டு வக்கீல்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:
இது பாய்ச்சல். கண்மாய் மடையில்
ஏழு பாய்ச்சல் தண்ணீர் உரிமை.
'ச்சல்' மட்டும் செல்லரித்துவிட்டது.
அவருடைய ஜூனியர்,
அது ஏழே இல்லை சார், எகரம், என்றான்.
அவனை அப்புறம் கூட்டிவரவில்லை.

பிறகொரு செவ்வாய்க்கிழமை
தொண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார் சேகு தாவூது.
ஐஸ் கம்பெனியில் கணக்கர்.
கையில் மஞ்சள் பை.

"எங்க வாப்பாவோட வாப்பாவை
இந்த வீட்ல பாய்னுதான் கூப்பிடுவாகளாம்.
தோணியில வர்ற சாமானை இறக்கிக் கொடுத்தவுக.
கேஸ் நடக்குறதா காதுல விழுந்துச்சு.
ஏழு ரூவா பாக்கி போல.
மவுத்தானவுக தலையில கடன் நிக்கக் கூடாது."

ஏழு ஒற்றை ரூபாய்.
என் மேசையில் வரிசையாய் வைத்தார்.

ஒருத்தரும் தொடவில்லை.
எடுத்தால் கப்பல் மூழ்கிவிடும்.
எடுத்தால் மடை அடைபடும்.
கோரைப்பாய்தான் என்ற ஏகப்பன்கூடக்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
தாவூது டீ குடித்தார்,
டீக்குக் காசையும் அவரே கொடுத்தார்,
மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.
காசு அங்கேயே கிடந்தது,
ஆனிக் காற்றில் தாள் பறக்காமல்
பாரமாய்.

என் வீட்டுக்காரருக்கு சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம்.
தெரு நீளத்துக்கு ஏழெட்டுத் தெருவாம் கப்பல்.
முழத்துணிகூட விரிப்பதில்லை அதில்.
ஆனாலும் துறைமுகம் விடும்போதெல்லாம்
போனில் குரல் அனுப்புவார்: "செயில் ஆயாச்சு."
அன்றைக்கு ராத்திரி கேட்டேன்,
செயில்னா என்னங்க?
"கிளம்புறது."
கொஞ்சம் இரைச்சல். எஞ்சின்.
"முன்னாடி பாயைத்தான் அப்படிச் சொன்னாங்க.
பாய் போச்சு.
கிளம்புறது மட்டும் மிச்சம்."

தரையில் என் பாய் விரித்துக் கிடந்தது.
அதன் மேல் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பத்திரம் எழுதி முடித்தேன்.
கோரை சேர்க்கவில்லை. கப்பல் சேர்க்கவில்லை.
தண்ணீரும் சேர்க்கவில்லை, தாவூதையும்.
பாய் ௭.
பக்கத்தில் சின்னதாய்: மூலத்தில் உள்ளபடி.

ஏழு வீட்டாரும் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள்.
ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராய்,
மேசையை மறைத்துக்கொண்டு.

எல்லாரும் போனபின் எண்ணினேன்.
ஆறு இருக்கிறது.