நூறு பெயர்

தெரிந்தவர் நூறு பேரை எழுதச் சொன்னார்கள்.
மண்ணடியில் ஒரு லாட்ஜ் மாடி,
ஏசி சொட்டும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி.
பரீட்சைப் பிள்ளைகள் போல
அவரவர் நோட்டை அவரவர் கையால் மறைத்துக்கொண்டு
எழுதினோம்.

முதல் பெயர் நாத்தனார் கோமளேஸ்வரி.
அறுபத்தோராவது பெயரில் ஆட்கள் தீர்ந்தார்கள்.
பால் போடுகிறவர், தண்ணி லாரி டிரைவர்,
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது
பக்கத்துக் கட்டிலில் கிடந்த எமல்டா
என்று இழுத்து நிரப்பினேன்.

கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள்:
'தவிர்க்க வேண்டிய தவறுகள்.'
போனில் விலையைச் சொல்லாதே.
சந்தேகப்படுகிறவரோடு டீ குடிக்காதே.
வேலை என்று சொல்லாதே, வாய்ப்பு என்று சொல்.
பீரோக் கதவில் ஒட்டிவைத்தேன்.
ஒன்றைக்கூட மீறவில்லை.

நான் செய்தவை அந்தத் தாளில் இல்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கூட்ஸ் வண்டி போய் முடிய இருபது நிமிடம்.
ஸ்கூட்டியில் நிற்பவர்கள் ஓடிப்போக முடியாது.
அவர்களிடம் சத்துமாவு பற்றிப் பேசினேன்.
ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.
நான் சொன்னது உள்ளே போனதா தெரியாது,
அவள் முகக் கண்ணாடியில்
என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

காசிமேட்டில் எமல்டாவின் அப்பா இறந்தபோது
மாலையோடு போனேன்.
பையில் ஒரு டப்பாவும் இருந்தது.
எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை.
ஆனால் மாரடித்து அழுத அவள் சித்தியைப் பார்த்ததும்
'ரத்தம் கம்மி, மாசம் ரெண்டு டப்பா' என்று
மனசு கணக்குப் போட்டுவிட்டது.

மாசக் கடைசியில் 'சில்வர்' பறிபோகாமலிருக்க
நானே என்னிடம் வாங்கினேன்.
தண்டல் பணத்தில் நாற்பத்திரண்டு பெட்டி.
வந்த செக், அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய்.
தொகையைக் கட்டைவிரலால் மறைத்து
போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.
அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத்தான்
கோமளேஸ்வரி கம்மலை அடகு வைத்தாள்.

அவளை இன்னும் நேராகப் பார்க்கவில்லை.
தெரு முனையில் அவள் வந்தால்
எனக்கு மாவு அரைக்கிற வேலை வந்துவிடும்.

டிசம்பரில் தண்ணீர் வாசற்படி தாண்டியது.
என் வீட்டுக்காரர் பெட்டிகளை இழுத்து
கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் நாலு,
பிரிட்ஜுக்கு எட்டு என்று அடுக்கினார்.
'இப்பத்தான் உன் பிசினஸு நம்மள மேல தூக்கி வுட்டுச்சு.'
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
இரண்டாம் ராத்திரி அடிப்பெட்டிகள் ஊறி
கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
சாக்கடை நாற்றத்தோடு கலந்து
ஏலக்காய் வாசனை
தெருக்கோடிவரை மிதந்துபோனது.

டவர் கிடைத்ததும் வந்த முதல் அழைப்பு
டை கட்டிய தம்பியுடையது.
'மழையும் ஒரு வாய்ப்புதான்க்கா,
கொசுவுக்குப் புது கிரீம் வந்திருக்கு.'

வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.
பீரோ மேல் இருந்ததால் நனையவில்லை.
விற்க ஒன்றும் இல்லாமல்
ஒன்றாம் எண்ணிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன்.
கோமளேஸ்வரி எடுக்கவில்லை.
ஏழு அடிக்கும்போதே துண்டித்தார்.
பதினேழு இப்போது உபயோகத்தில் இல்லை.
இருபத்தொன்பது யாரோ குழந்தை, 'அம்மா வூட்ல இல்லியாம்.'

அறுபத்து நாலு எடுத்தாள்.
'இன்னா விக்கிற இப்போ?'
'ஒண்ணும் இல்ல எமல்டா.
வூட்ல தண்ணி பூந்துச்சா, கேக்கலாம்னுதான்.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

'சரி சரி' என்றாள்,
'மேட்டருக்கு வா.'