நூற்று முப்பத்தொன்று

லியெபாயாவில் டிசம்பர் வெளிச்சம்
ஒன்பது மணிக்கு மேல் வந்து
மூன்றரைக்குக் கோப்பை மூடிவிட்டுக் கிளம்பும்
அரசு ஊழியர்.
அதற்குள் முடிக்க வேண்டும்.

இன்று கதவுக் கைப்பிடிகள்.
மோத்ரிஸின் தொழிற்சாலையிலிருந்து ஏழு அட்டைப்பெட்டி,
இருநூற்றுப் பதினான்கு உருப்படி,
ஒன்றுக்கு இரண்டு யூரோ நாற்பது.
வெள்ளைப் பின்னணி. நிழல் கூடவே கூடாது.
'நிழலைப் பார்த்தால் அழுக்கு என்று நினைப்பார்கள்'
என்று எழுதியிருக்கிறார்.

நிழலுக்காகவே
ஆறு குளிர்காலம் வடக்கு அலைதடுப்பின் மேல்
முக்காலியை இறுக்கிப் பிடித்து நின்றவள் நான்.
சரி என்று பதில் போட்டேன்.
எரிவாயுக் கட்டணத்துக்குக் கடைசி நாள்
பதினெட்டு.

குரோமியம் பூசிய எதற்கும்
பொய் சொல்லத் தெரியாது.
எல்லாக் கைப்பிடியிலும் நான் இருக்கிறேன்,
தாடை நீண்டு, காது எங்கோ போய்,
கண் இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸ்,
தேக்கரண்டியில் மாட்டிய பூச்சி மாதிரி.
கறுப்புத் துணியில் கூடாரம் கட்டினேன்.
துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தேன்.
ஓட்டை தெரிந்தது.
ஓட்டைக்குள் நான் தெரிந்தேன்.

ஆகவே இரவில், கணினியில், என்னை அழிக்கும் வேலை.
பெரிதாக்கு.
பக்கத்து உலோகத்தைக் கொஞ்சம் எடு,
முகத்தின் மேல் பூசு.
அடுத்தது.
எழுபதாவதில் கை பழகிவிட்டது.
தொண்ணூறுக்கு மேல்
வருத்தம்கூட இல்லை, பசிதான்.

நடுவில் ஸ்கைத்ரீதே அழைத்தாள்.
காட்சிக்கூடம் அவளுடையது,
விற்றால் பாதி விலையும் அவளுடையது.
கடல் படம் ஒன்றை ஒருவர் கேட்கிறாராம்,
பெரிய அளவு, சட்டத்தோடு.
ஆனால் அவர் வீட்டு சோபா ஆலிவ் பச்சை.
கடலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ள முடியுமா?

மைனஸ் பதினொன்று அன்றைக்கு.
விரல் ஷட்டரில் ஒட்டிக்கொண்டது,
பிய்த்தபோது தோலைக் கொஞ்சம்
கேமராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.
மொத்தச் சுருளில் தேறியது ஒரே நெகட்டிவ்.

"எவ்வளவு பச்சை?" என்று கேட்டேன்.
கேட்டது என் குரல்தான்,
அறையில் வேறு யாருமில்லை.
அவள் விசாரித்துச் சொல்வதாக வைத்தாள்.
இன்னும் சொல்லவில்லை.

நூற்று முப்பத்தொன்று, பித்தளைக் குமிழ்.
இதை எடுக்கும்போது கூடாரம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது,
நான் கவனிக்கவில்லை.
பெரிதாக்கினேன்.
முதுகு வளைத்து ஒருத்தி,
கைமாற்று கேட்க வந்து
எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவள் போல.
அவளுக்குப் பின்னால் என் ஜன்னல்,
ஜன்னலில் துறைமுகப் பாரந்தூக்கி,
அதற்கும் பின்னால் ஒரு மயிரிழை தடிமனில்
கடல்.
மேகம் எங்கோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.
பாதி நீர் வெளிச்சம்,
பாதி அப்படி ஒரு கறுப்பு.

காத்திருந்த நாளில் ஒருமுறையும் வராதது
கைப்பிடி எண்ணும் நாளில் வந்து
முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

தூரிகையை அவள் மேல் கொண்டுபோனேன்.
அடுப்பில் கஞ்சி பொங்கியது, போய் அணைத்தேன்.
திரும்பி வந்து
அப்படியே சேமித்தேன்.
நூற்று முப்பத்திரண்டு.

மார்ச்சில் விலைப்பட்டியல் தபாலில் வந்தது.
பணம் வரவில்லை.
முதல் நினைவூட்டலை 'அன்புடன்' என்று முடித்தேன்,
இரண்டாவதில் 'தயவுசெய்து'.
மூன்றாவதில் வெறும் எண்:
ஐநூற்றுப் பதின்மூன்று யூரோ அறுபது.

முப்பத்தெட்டாம் பக்கம், மூன்றாம் வரிசை.
கட்டைவிரல் நக அளவில் குமிழ்.
மோத்ரிஸ் பார்க்கவில்லை, அச்சகத்தில் யாரும் பார்க்கவில்லை.
ஐயாயிரம் பிரதி.
வென்ட்ஸ்பில்ஸில் யாரோ இந்நேரம்
குளியலறைக் கதவுக்கு
என்னைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கலாம்,
பதினொன்று தொண்ணூறு, திருகாணி உட்பட.

நெகட்டிவ் பார்க்கும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.
இருக்கிறாள். ஜன்னலும் இருக்கிறது.
மை கொஞ்சம் தவறியிருக்கிறது,
பித்தளையின் மஞ்சள் ஏறி
கடல் மட்டும் லேசாக
ஆலிவ் பச்சை.