எல்லாம் அடங்கலாக

பதினொரு பேர்.
சூரிச்சிலிருந்து நாலு, ஸ்காபரோவிலிருந்து ஆறு,
கல்லடியிலிருந்து நான்.
ஆகஸ்ட் ஏழு தொடங்கி
ஐந்து இரவு.

கிரான் பாலம் தாண்டிக் கிரவல் பாதையில்
நாற்பது நிமிடம் குலுங்கினால் பண்ணை வருகிறது.
முன்பு அதை மாட்டுப்பட்டி என்பார்கள்.
இப்போது வாசலில் ஒரு மரப்பலகை,
அதில் வளைந்த எழுத்தில் வேறொரு பெயர்,
பலகைக்குக் கீழே அதே சாணம்.

முகாமையாளர் நிரோசன் விலைப்பட்டியலை நீட்டினார்.
ஆளுக்கு ஓர் இரவு நூற்றெண்பது டொலர்,
எல்லாம் அடங்கலாக.
ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன்:
கூட்டுறவுச் சங்கத்தில் என் நாலு மாதச் சம்பளம்.
“உன்ர பங்கை நாங்கள் பாப்பம்” என்று
அக்கா முன்பே சொல்லியிருந்தாள்,
இரண்டு தடவை.

எல்லாம் என்றால்?
மூன்று வேளைச் சாப்பாடு,
குளிரூட்டி போட்ட கூடாரம், நீச்சல் தடாகம்,
நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த இரண்டு குதிரை,
எருமைத் தயிர் உறையப்போடும் பாடம்.
யானை வந்தால்?
“அதுவும் அடங்கும், மிஸ்.”
அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் குரற்பதிவுகள்
நடுச்சாமத்தில் வந்து விழுகின்றன.
உண்ணி கடிக்குமா.
வைஃபை கூடாரத்துக்குள்ளும் எடுக்குமா.
சின்னவனுக்குக் கச்சான் ஒவ்வாது, மறந்திடாதே.
அப்படியே நிரோசனுக்கு எழுதினேன்.
பதில் வந்தது:
ஆகஸ்டில் காற்றை நாங்கள் நிறுத்த ஏலாது,
ஜன்னலைச் சாத்தித் தரலாம்.

கோணேசன் அண்ணா எக்செல் அனுப்பினான்.
மணிக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு நிறம்.
ஓய்வு மஞ்சள். குதிரை நீலம்.
குடும்பமாகச் சிரித்தல் என்று ஒன்று இல்லை,
இருந்தால் அதற்கும் அரை மணி ஒதுக்கியிருப்பான்.
காலை ஒன்பது, பச்சை:
பால் கறத்தல், அனைவரும்.

ஒன்பதா?
அதைக் கேட்கத்தான் மறுபடியும் போனேன்.
பட்டிக்காரர் பேரின்பன்
பண்ணை பெயர் போட்ட ரீசேட்டில் நின்றார்,
நெஞ்சில் ‘அனுபவ வழிகாட்டி’ என்று ஒரு வில்லை.
“எல்லாத்தையும் நாலு மணிக்கே கறந்திருவம் மகள்.
ஒண்டை மட்டும் மிச்சம் வைக்கிற,
வாற ஆக்களுக்கு.”
அது நெற்றிச்சுட்டி உள்ள செவலைப் பசு.
மடி இறுகிப்போய்க் காலை அகட்டி நின்றது.
அதன் கன்று கயிறு முடிகிற இடம் வரை வந்து
அங்கேயே நின்றது.
நேரம் எட்டேகால்.
விருந்தினர் இன்னும் முட்டை தின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிரவு எக்செல்லைத் திறந்தேன்.
போன தடவை வந்தபோது
ஸ்காபரோப் பிள்ளைகள் விடிய மூன்றுக்கு எழும்பி
பிரிட்ஜைத் திறந்து வைத்து
அந்த வெளிச்சத்தில் சீட்டு விளையாடியது ஞாபகம் வந்தது.
உடம்பு இன்னும் கனடாவில்,
வயிறு எந்த நாட்டில் என்று அதற்கே தெரியாது.
தூக்கம் வராத ஆறு பேர்,
பால் கட்டிய ஒரு பசு.
பச்சைப் பெட்டியைப் பிடித்து மேலே இழுத்தேன்,
நாலரைக்கு.

அண்ணா உடனே கேட்டான்: எழுத்துப்பிழையா?
இல்லை.
அக்கா ஒரு கைகூப்பும் படம் அனுப்பினாள்,
சம்மதமா வேண்டுதலா விளங்கவில்லை.
நிரோசன் சொன்னார்,
அந்த நேரத்துக்குத் தேத்தண்ணி போட
ஆள் எழுப்ப வேணும்,
அது அடங்காது, இருபது டொலர் தனி.
என் கணக்கில் போடுங்கள் என்றேன்.
அந்த ஐந்து நாளிலும்
நான் கொடுக்கிற காசு அது ஒன்றுதான்.

பேரின்பனுக்குக் கோல் எடுத்தேன்.
“அப்ப கண்டுக்கு நல்லம்” என்றார்.
மாடொன்று பக்கத்தில் கனைத்தது.
பிறகு, கொஞ்சம் யோசித்து,
“ஆனா அந்த நேரம் போட்டோ விழாதே கா?”

சாமான் பட்டியலில்
நுளம்பெண்ணைக்குக் கீழே எழுதினேன்:
டோர்ச், நாலு.