பிழையின் பக்கம்

டிஸா அன்றிரவு
அளவுகோலின் கடைசிச் சிவப்புக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது.
கார்ப்பாத்திய மலைகளில் பனி உருகுகிறதா
இன்னும் இறுகிக் கிடக்கிறதா?
எல்லைக்கு அப்பால் மூன்று நிலையங்களிலிருந்து
பேச்சே இல்லை.

மேசையில் மூன்று மாதிரிகள்.

பெரியது பத்து மணி நேரம் ஓடும்.
ஒவ்வொரு வளைவும், பாலத்தூணும்,
கரையோரப் புதரின் சொரசொரப்பும் அதற்கு அத்துபடி.
விடிந்தபின் மிக அழகாகச் சொல்லும்,
இரவு என்ன செய்திருக்க வேண்டும் என்று.

அடுத்தது பழைய வெள்ளங்களைத் தின்று வளர்ந்தது.
கேட்ட நொடியில் விடை;
ஏன் என்றால் வாய் திறக்காது.
இந்த உயரத்து நீரை அது தின்றதே இல்லை.

மூன்றாவது,
பிரசவ விடுப்பில் போகுமுன் பிரோஷ்கா எழுதிவைத்த
பதினாறு வரி.
ஓரத்தில் பென்சில் குறிப்பு:
'உச்சத்தைக் குறைத்தே காட்டும். ஒரு சாண் கூட்டிக்கொள்.'

மதகைத் திறந்தால்
வேரெஷின் கோதுமை போச்சு.
சட்டப்படி அவரை அழைத்தேன்.
"எத்தனை சதவீதம்?"
"அறுபது."
"வயலில் அறுபதா?"
"இல்லை, வயல் முழுக்க மூழ்கும்.
மூழ்க வேண்டியிருக்கும் என்பதற்குத்தான் அறுபது."
அந்த முனையில் ஒரு நாய் மட்டும்
நெடுநேரம் குரைத்தது.

முந்தித் திறந்தால் தேக்கம் நிரம்பிவிடும்,
உச்சம் வரும்போது இடமிருக்காது.
பிந்தினால் கரை முந்திக்கொள்ளும்.

எது சரி என்று கேட்பதை
இரண்டு மணிக்கு நிறுத்தினேன்.
தவறினால் எந்தப் பக்கம் தவறும்,
அந்தப் பக்கம் எனக்குத் தெரியுமா?
கேட்டது அவ்வளவுதான்.
பதினாறு வரி. ஒரு சாண்.
கரைக்கு இரண்டு விரல் மேலே போய் நின்றது எண்.

மூன்று நாற்பதுக்கு மதகு ஏறியது.
இருட்டில் நீர் வயலுக்குள் போகும் சத்தம்
யாரோ பெரிய துணியைக் கிழிப்பதுபோல்.

காலையில் பெரியது ஓடி முடித்தது.
திறக்காவிட்டாலும் கரை தாங்கியிருக்குமாம்,
நான்கு விரல் மிச்சத்தில்.

வேரெஷ் வந்தார், இடுப்புவரை சேறு.
"திறக்காமல் இருந்திருந்தால்?"
ஜன்னலுக்கு வெளியே காட்டினேன்.
அங்கே ஓடியது நாங்கள் வெட்டிய ஆறு.
அவர் கேட்ட ஆறு
ஓடவே இல்லை.

காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.
பிரோஷ்காவின் குறிப்புக்குக் கீழே
பென்சிலால் தேதியைப் போட்டேன்.
சரி என்றோ தவறு என்றோ எழுத
அளவு ஏதும் கிடைக்கவில்லை.
இழப்பீட்டுப் படிவத்தில் மட்டும்
எக்டேர் எக்டேராக
எல்லா எண்ணும் துல்லியம்.