எட்டாவது பெயர்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பொது. பெண்கள்.
ஆண்கள் என்று ஒரு கட்டம் கிடையாது,
பாருங்கள், யாரும் கவனிப்பதில்லை.
கதவு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது என்பார்கள்.
திறந்துதான் இருக்கிறது.
ஏற்காட்டுப் பள்ளிக்கூட ஹாலில்
போன வருஷம் நூற்றெண்பத்தாறு நாற்காலிகள்.
அதில் ஒன்பது துப்பட்டா எண்ணினேன்.
ஒன்று, குளிருக்கு ஒரு பையன் போர்த்தியிருந்தது.

மூன்றாம் சுற்றில் எனக்கு
சூரமங்கலம் ரயில்வே குணசீலன்.
நாற்பத்தொன்றாம் நகர்வில் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு
கை கொடுக்காமல் சொன்னார்:
"இருபது கொண்டை ஊசி வளைவு மேடம்,
இன்னும் தலை சுத்துது."
நானும் அதே பஸ்ஸில்தான் வந்தேன்.
அடிவாரத்திலிருந்து நின்றுகொண்டே.

மூளையே வேறு என்கிறார் எங்கள் லேபில் ஒருவர்,
தினமும் ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கிறவர்.
பரிசு கொடுக்க வரும் பிரமுகரோ தவறாமல்
பலகையில் ராணிக்குத்தான் பலம் என்பார்.
வருஷா வருஷம் கைதட்டுகிறோம்.
அதே காயை என் அப்பா மந்திரி என்பார்.
பெயர் மாறியதில் அதன் நடை மாறவில்லை.

எனக்குத் தெரிந்தது லீ பஜார் கணக்கு.
ஒரு லாரி மாம்பழத்தில் ஆகத் தித்திப்பானதை எடு.
ஒரு மஞ்சப்பையிலிருந்தும் அப்படி ஒன்றை எடு.
இரண்டையும் அறுத்து வைத்துக்கொண்டு
மரத்தைக் குறை சொல்லாதே.
பை ஏன் இவ்வளவு சின்னது என்று முதலில் கேள்.

இதுவும் முழுக் கணக்கில்லை.
பதின்மூன்று வயதில் என்னை ஈரோட்டுக்கு அனுப்பும் முன்
"லேடீஸ் தனியாத்தானே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான்
அப்பா கட்டணம் கட்டினார்.
அந்தச் சின்ன அறை இல்லையென்றால்
பெரிய ஹால் எந்தப் பக்கம் என்றே தெரிந்திருக்காது.
அங்கேதான் வளர்ந்தேன்.
அங்கேயே இருந்துவிடு என்றபோதுதான்
மூச்சு முட்டியது.

இந்த வருஷமும் பொதுவில் டிக் அடித்து அனுப்பியிருந்தேன்.
வியாழன் இரவு நடுவர் அருளப்பன் ஃபோன்:
"பெண்கள் பிரிவுல ஏழு பேருதாம்மா.
எட்டு வரலைன்னா பிரிவையே எடுத்துடுவாங்க.
ஏழு பிள்ளைங்களையும் பொதுவுல போடலாம்,
நாலு வீட்ல அனுப்ப மாட்டாங்க."
குக்கர் கூவிக்கொண்டிருந்தது.
எத்தனை விசில் என்று எண்ணவில்லை.
அங்கே முதல் பரிசு முப்பதாயிரம், ஆறு சுற்று.
இங்கே ஐயாயிரமும் ஒரு மிக்ஸியும், நாலு சுற்று.
வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிக்ஸி.
"சரி சார்" என்றேன்.
கேஸை அணைத்துவிட்டு, யாரிடம் என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் கோபமாக நின்றேன்.

நூலக அறை. நாலு மேஜை.
ஜன்னல் சாத்தியும் உள்ளே வந்துவிட்ட பனி.
இரண்டாம் சுற்றில் நாகலூர் மோனிஷா,
எட்டாம் வகுப்பு, சீருடைக்கு மேல் அண்ணனின் ஸ்வெட்டர்.
கை முழுக்க மறைய, விரல் நுனியால் காய் தொடுகிறாள்.
இருபத்தாறாம் நகர்வில்
என் குதிரையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.
அதற்கப்புறம் மீளவே இல்லை.
எனக்குத் தலை ஒன்றும் சுற்றவில்லை.
கை கொடுத்தேன்.

"ஏன்டி நீ பொதுவுல ஆடல?"
கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்,
என்னையே எல்லோரும் கேட்ட கேள்வி.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
ஹாலில் கடிகாரங்களைத் தட்டும் ஓசை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள்.
"அங்க எத்தன மணிக்குக்கா முடியும்?"
"ஏழரை ஆயிடும்."
"எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஆறே கால்" என்றாள்,
ஜெயித்த காய்களைத் திரும்ப
அதனதன் கட்டத்தில் வைத்தபடி.