கோரம்

நாலாம் நம்பரில் சலோமி குளித்தால்
இரண்டாம் நம்பரில் என் குழாய் இருமும்.
வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று
அப்படித்தான் தெரியும்.
பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்,
முப்பத்தேழில் கிராணிமார் சங்கம் போட்டது.

பங்குப் பத்திரமும் அதே ஆண்டு.
பங்கு ஐம்பது வெள்ளி,
ஆளுக்கு ஓர் ஓட்டு,
மனைவிக்குக் கிடையாது.
சுவரில் மட்டும் தாராளம்:
ஒன்றரை அடி கனம், ஆணி இறங்காது.
என் கல்யாணப் படம் தரையிலேயே சாய்ந்திருந்தது.
பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

பக்கத்துக் கட்டடம் போன வருஷம்
குருவிக்கூட்டு வீடானது.
சன்னலுக்கெல்லாம் செங்கல். கூரையில் ஒலிபெருக்கி.
செம்பனை லோரிகள் புறப்படும் முன்பே
பதிவு செய்த கீச்சொலி தொடங்கிவிடும்.
இல்லாத குருவிகள் கூப்பிட
இருக்கிற குருவிகள் வருகின்றன.

அதன் முதலாளி மிஸ்டர் தெங்
எங்களையும் கேட்டார்.
வீட்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் வெள்ளி.

அஞ்சடியில் நாற்காலி போட்டோம்.
லாவ் சியூ யிங் விசிறியோடு,
பொன்னுரங்கம் பழைய ரசீதுக் கட்டோடு,
முழங்கால் வலியோடு ரொக்கியா மாடிப்படியில்.
எட்டுப் பேர் இருந்தால் கூட்டம்.
சரியாக எட்டுப் பேர்.
"கோரம் இருக்கு" என்றேன், செயலாளர் என்ற முறையில்.
"பாத்தாலே தெரியுது" என்றாள் சலோமி
எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்து.

என் பையில்
சிரம்பானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிய ரசீது.
லிஃப்ட் உண்டு. தனிக் குழாய்.
ஐந்து கைகள் எழுந்தன.
ஆறாவது என்னுடையது,
தோள் வரை வந்திருக்கும்

சுவருக்குள் இருமல்.

மூன்று நாளாய் வராத தண்ணீர்.

நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன.
வாளி, குடம், பழைய பெயிண்ட் டின்,
"கீழ மூடு, எனக்கு ஏறல!" என்று மேலிருந்து சலோமி.
மூடினேன்.
ரொக்கியா குளியலறையில்
தண்ணீர் விழும் சத்தம் மாறும்வரை
குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.
மிஸ்டர் தெங் சட்டைக் கையை மடித்துவிட்டு
சியூ யிங்கின் வாளியை இரண்டு மாடி தூக்கினார்,
படியெல்லாம் சிந்திக்கொண்டு,
அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு.

இரவு மினிட் புத்தகத்தில் எழுதினேன்:
தண்ணீர் வந்தது.
கோரம் குறைந்தது.
கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த தேதிக்குக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.
சிரம்பான் வீட்டுக்குக் கெடு
இருபத்தெட்டாம் தேதி.