ரெண்டு பில்

கழனிவாசல் தாண்டி என் பட்டறை.
கடல் இங்கிருந்து ரெண்டு மணி நேர பஸ்.
நான் பார்த்த கடலெல்லாம்
வாட்டர் ஜாக்கெட்டுக்குள் பூத்துக் கிடக்கும்
வெள்ளை உப்புதான்.

அமலோற்பவம் குட்டியானையில் கொண்டுவந்து இறக்கினாள்.
தொண்டிப் பக்கத்து வல்லத்து எஞ்சின்.
ரெண்டு சிலிண்டர்.
ஐப்பசிப் புயலில்
புகைக்குழாய் வழியே கடல் ஏறியிருக்கிறது.

அன்றைக்கே வடித்து, டீசல் ஊற்றி
நாலு சுற்று கையால் சுற்றியிருந்தால்
ஒரு மணி நேர வேலை.
ஏன் செய்யவில்லை என்றேன்.

"சாவி எங்க வீட்டுல.
ஹேண்டில் கொழுந்தன் வீட்டுல."

வல்லம் பாதிப் பாதி. பேச்சு கிடையாது.
புருஷன் பஹ்ரைனில், யாரோ ஒருவன் படகில்.
ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை
உப்பு மட்டும் வேலை பார்த்திருக்கிறது,
ராத்திரி ஷிஃப்ட்டும் சேர்த்து.

ஃப்ளைவீலில் கடப்பாரை கொடுத்து ஆளோடு தொங்கினேன்.
கடப்பாரைதான் வளைந்தது.
ஹெட்டைக் கழற்றுவதற்குள் ரெண்டு ஸ்டட் முறிந்தன.
உள்ளே ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு.
மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து
ரெண்டு குழியிலும் நிரப்பிவிட்டு
பூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் முதல் குழியில் மட்டம்
ஒரு விரல் இறங்கியிருந்தது.
ரெண்டாவதில் ஊற்றினபடி.
குனிந்தால் என் முகம் தெரிந்தது,
டியூப் லைட்டோடு.

தட்டுவதற்குத் தேக்குக் கட்டை வைத்திருக்கிறேன்.
கானாடுகாத்தானில் இடித்த வீட்டு உத்திரம்,
கிலோக் கணக்கில் வாங்கியது.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததாம்.
பட்டறையில் கடலைப் பார்த்த ஆள்
அது ஒன்றுதான்.

ஆறாம் நாள், மதியச் சோற்றுக்கு முன்
முதல் பிஸ்டன் ஒரு நூல் இறங்கியது.
சத்தம்கூட இல்லை. கைக்குத்தான் தெரிந்தது.
ரெண்டாவதைச் சூடு காட்டினேன், அடித்தேன்,
கெட்ட வார்த்தை சொன்னேன்,
கடைசியில் உளி வைத்து உடைத்துத்தான் எடுத்தேன்,
லைனரோடு.

போனில் சொன்னேன்:
"ஒண்ணாவதுக்கு ரிங் மட்டும் போதும்.
ரெண்டாவதுக்குப் பிஸ்டன், லைனர், எல்லாம் புதுசு."

"சைனா எஞ்சின் புதுசா வாங்கினா?"
விலையைச் சொன்னேன்.
"வாங்கினா அதுலயும் பாதி அவுக."
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"அந்தப் புது சிலிண்டரு யாரு பங்கு?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"கிராங்க் ஒண்ணுதாம்மா" என்றேன்.

எல்லாம் பூட்டியாயிற்று.
கடையிலிருந்த மூன்று ஹேண்டிலும்
பல்லில் பிடிக்கவில்லை.
அவளிடம் சொன்னேன்.
"பாக்கலாம்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம்
தொண்டி பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலம் இறக்கினார்.
பழைய பேப்பர், வலைக்கயிற்றில் முடிச்சு.
சீட்டு ஒன்றும் இல்லை.
பிரித்தால் ஹேண்டில்.
துரு ஒரு பொட்டு இல்லை.
கையில் எண்ணெய் ஒட்டியது,
நேற்றைக்குப் போட்ட எண்ணெய் இல்லை,
மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து
இரும்புக்குள் ஊறிய எண்ணெய்.

மூன்றாம் சுற்றில் லிவரை விட்டேன்.
ஒரு தும்மல். கறுப்பு. பிறகு வெள்ளை.
பிறகு எதிர் டீக்கடையில்
யாரும் யாரோடும் பேச முடியவில்லை.
வாளியில் கிணற்றுத் தண்ணீர் வைத்துக் குழாயைப் போட்டேன்.
குடிக்கட்டும்.
நாளைக்கழித்து அதற்கு மறுபடியும் உப்பு.

அமலோற்பவம் காதைப் பொத்திக்கொண்டு
அரை மணி நேரம் நின்றாள்.
நிறுத்தியதும் பர்ஸைத் திறந்தாள்.

"ரெண்டு பில்லா எழுதுங்க. சரி பாதி."

முப்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினஞ்சு.
பாதி போட்டால் ஐம்பது காசு உதைத்தது.
ஒரு ரூபாயைத் தள்ளினேன்.
அவள் பெயருக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தேன்.
அடுத்ததில் கார்பனை நேராக வைத்து
"கொழுந்தன் பேரு?" என்றேன்.

பார்த்தாள்.
எஞ்சினைப் பார்த்தாள்.
இன்னும் சூடாறாமல் டிக் டிக் என்றது.

"சூசை" என்றாள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"சூசைமாணிக்கம்.
சேத்து எழுதுங்க."